கடை திறக்க உரிமம், கையில் வைத்தால் குற்றம்

‘அமெரிக்காவில் கஞ்சாவுக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள்’ என்று யூடியூபிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் யாராவது சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அமெரிக்கா அப்படி எந்த அனுமதியும் கொடுக்கவில்லை. 21 வயது நிரம்பியவர் மருத்துவக் காரணம் ஏதுமின்றி, வெறும் பொழுதுபோக்குக்காகக் கஞ்சா வைத்திருக்கலாம் என்று சில மாநிலங்கள் தங்கள் சட்டத்தை மாற்றிக்கொண்டன. 2012 நவம்பரில் கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் மக்கள் வாக்கெடுப்பு நடத்தித் தொடங்கி வைத்தன. 2023 நவம்பரில் ஓஹையோ சேர்ந்தபோது எண்ணிக்கை 24 ஆனது. தலைநகர் வாஷிங்டன் டி.சி. இதில் சேராத தனிக் கணக்கு.

நாட்டின் சட்டம் வேறு. 1970-இல் நிக்சன் கையெழுத்திட்ட போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம், கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து முதல் பட்டியலில் வைத்தது. மருத்துவப் பயனே இல்லாதது, அடிமையாக்கும் அபாயம் மிகுந்தது என்று கருதப்பட்டவற்றுக்கான பட்டியல் அது. நாடு தழுவிய அந்தத் தடை இன்றும் நீங்கவில்லை. ஆக, டென்வர் நகரத் தெருவில் உரிமம் பெற்று, விளக்குப் போட்டு, வரி கட்டி நடக்கும் ஒரு கஞ்சாக் கடை, அதே நொடியில் மத்திய சட்டப்படி ஒரு குற்றச்செயலும்கூட. இந்த இரட்டை நிலை புரியாததால் கிளம்பிய நம்பிக்கைகள் ஏராளம். சில வேடிக்கையானவை. சில, நம் பிள்ளைகளின் விசாவைக் காவு வாங்கக்கூடியவை.

‘மாநிலம் அனுமதித்துவிட்டால் மத்திய அரசு கைவைக்க முடியாது’

2002 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் பியூட் மாவட்டத்தில் ஒரு பெண்ணின் வீட்டுக்கு அதிகாரிகள் வந்தார்கள். அவர் முதுகுவலிக்காக, மருத்துவர் பரிந்துரையின் பேரில், ஆறு கஞ்சாச் செடிகள் வளர்த்துவந்தார். 1996-இல் வாக்கெடுப்பில் நிறைவேறிய மாநிலச் சட்டம் அதை அனுமதித்தது. வந்தவர்களில் உள்ளூர் ஷெரிஃப் ஆட்களும் இருந்தார்கள். மத்திய போதைத் தடுப்பு அமைப்பான டி.இ.ஏ.வின் ஆட்களும் இருந்தார்கள். விசாரித்துப் பார்த்த உள்ளூர்க்காரர்கள் ‘இவர் செய்வது சரி, குற்றமில்லை’ என்றார்கள். டி.இ.ஏ. ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று மணி நேரம் இரு தரப்பும் மல்லுக்கட்டியபின், மத்திய அதிகாரிகள் ஆறு செடிகளையும் பிடுங்கி அழித்தார்கள். ஒரே வீட்டு வாசலில் இரண்டு அரசாங்கங்கள் நின்று, ஒன்று ‘சரி’ என்றும் மற்றது ‘தப்பு’ என்றும் சொன்ன காட்சி அது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கான்சாலஸ் எதிர் ரெய்ச் என்று பெயர். 2005-இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் நீதிபதிகள் மத்திய அரசின் பக்கம் நின்றார்கள். சொந்த உபயோகத்துக்கு வீட்டில் வளர்த்த செடி, விற்கவும் இல்லை, மாநில எல்லையைத் தாண்டவும் இல்லை. ஆனாலும் அது நாடு தழுவிய கஞ்சாச் சந்தையைப் பாதிக்கக்கூடியது, மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை முறைப்படுத்தும் அதிகாரத்தின் கீழ் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதைத் தடைசெய்யலாம் என்றது தீர்ப்பு. அதற்கு முன்மாதிரியாகக் காட்டப்பட்டது, 1942-இல் ஒரு விவசாயி தன் பண்ணை உபயோகத்துக்காகக் கூடுதலாக விளைவித்த கோதுமை வழக்கு. ரெய்ச் தீர்ப்பு இன்றும் நிற்கிறது. மத்திய அரசு நாளைக்கே நினைத்தாலும் எந்த மாநிலத்துப் பொழுதுபோக்குக் கஞ்சாக் கடையையும் பூட்டலாம்.

‘அப்படியானால் மாநிலச் சட்டம் செல்லாது’

இதுவும் தவறு. சட்டம் படித்தவர்கள்கூட இங்கே சறுக்குகிறார்கள், குறிப்பாக நம் நாட்டுச் சட்டம் படித்தவர்கள். மத்திய சட்டத்தோடு மோதும் மாநிலச் சட்டம் அடிபட்டுப்போகும் என்பது அங்கும் விதிதான். ஆனால் கொலராடோ மத்திய அரசின் தடையை நீக்கவில்லையே. தன் சொந்தத் தண்டனையைத்தான் நீக்கிக்கொண்டது. ஒரு செயலைக் குற்றமென்று வைத்திருக்கும்படி எந்த மாநிலத்தையும் மத்திய அரசு கட்டாயப்படுத்த முடியாது. மத்திய சட்டத்தை அமல்படுத்த மாநிலப் போலீஸை வேலை வாங்கவும் முடியாது என்று 1997-இல் துப்பாக்கி தொடர்பான பிரின்ட்ஸ் வழக்கில் தீர்ப்பானது. 2018-இல் நியூ ஜெர்சியின் விளையாட்டுச் சூதாட்ட வழக்கிலும் அதே கொள்கை உறுதியானது.

இது கஞ்சாவுக்காகப் புதிதாகக் கண்டுபிடித்த தந்திரமும் அல்ல. நாடு முழுக்க மதுவிலக்கு இருந்த காலத்தில், 1923-இல், நியூயார்க் தன் மதுவிலக்கு அமலாக்கச் சட்டத்தை ரத்து செய்துவிட்டு ‘வேண்டுமானால் நீங்களே வந்து பிடித்துக்கொள்ளுங்கள்’ என்று இருந்துவிட்டது. மேரிலாண்ட் அப்படியொரு சட்டம் இயற்றவே இல்லை. கொலராடோவின் கஞ்சா எங்கள் எல்லைக்குள் வழிகிறது என்று நெப்ராஸ்காவும் ஓக்லஹோமாவும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, 2016-இல் நீதிமன்றம் அந்த வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது.

ஆள்பலத்தைப் பாருங்கள், விஷயம் விளங்கிவிடும். டி.இ.ஏ.வின் சிறப்பு அதிகாரிகள் நாடு முழுக்கச் சேர்த்தே ஐயாயிரத்துக்கு உட்பட்டவர்கள். மாநில, உள்ளூர்ப் போலீஸாரோ 7 லட்சத்துக்கும் மேல். அந்த 7 லட்சம் பேர் கையைக் கட்டிக்கொண்டால், தெருமுனையில் புகைப்பவனை யார் பிடிப்பது?

‘தமிழ்நாடும் இப்படிச் செய்யலாமே’ என்று கேட்பவர்களுக்கான பதிலும் இங்கேயே இருக்கிறது. செய்ய முடியாது. 1985-ஆம் ஆண்டின் நம் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றம் இயற்றியது. அதை அமல்படுத்துவது மாநிலப் போலீஸின் கடமை, விருப்பம் அல்ல. மருத்துவம், ஆராய்ச்சி, நார், விதை போன்ற தேவைகளுக்குச் சாகுபடியை அனுமதிக்க மாத்திரம் மாநிலங்களுக்கு இடமுண்டு. உத்தராகண்ட் 2018-இல் சணல்வகைக் கஞ்சாவுக்கு உரிமம் கொடுத்தது அப்படித்தான். வாரணாசியில் பாங் கடை இருக்கிறதே என்றால், சட்டம் கஞ்சா என்று வரையறுப்பது பூக்கும் நுனிகளை. அவை சேராத இலையை அது விட்டுவிட்டது. அந்த ஓட்டை வழியாகத்தான் பாங் பிழைத்திருக்கிறது.

‘கண்டுகொள்ள மாட்டோம் என்று மத்திய அரசே எழுதிக் கொடுத்திருக்கிறது’

எழுதிக் கொடுத்தது, பிறகு கிழித்தும் போட்டது. 2013 ஆகஸ்டில் ஒபாமா அரசின் துணை அட்டர்னி ஜெனரல் ஜேம்ஸ் கோல் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்: சிறுவர்களுக்கு விற்காமல், பணம் குற்றக் கும்பல்களுக்குப் போகாமல், சரக்கு அடுத்த மாநிலத்துக்குக் கசியாமல் பார்த்துக்கொள்ளும் மாநிலங்களில் வழக்குப் போடுவதற்கு முன்னுரிமை தர வேண்டாம். அவ்வளவுதான். சட்டம் இல்லை, உத்தரவாதமும் இல்லை. 2018 ஜனவரி 4-ஆம் தேதி அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ் அதை ரத்து செய்தார். வேடிக்கை என்னவென்றால், ரத்தான பிறகும் பெரிய வேட்டை எதுவும் நடக்கவில்லை.

உறுதியான பாதுகாப்பு என்று ஒன்று இருப்பது மருத்துவக் கஞ்சாவுக்கு மட்டும். 2014 முதல் பட்ஜெட் சட்டத்தில் செருகப்பட்டுவரும் ஒரு பிரிவு, மாநில மருத்துவக் கஞ்சாத் திட்டங்களில் குறுக்கிட நீதித்துறை அமைச்சகம் பணம் செலவிடக் கூடாது என்கிறது. அதையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பொழுதுபோக்குக் கஞ்சாவுக்கு அந்தக் குடையும் இல்லை. பாதி உள்ளே, பாதி வெளியே என்று நிற்கும் இந்த நிலை மத்தியத் தடையின் அடிப்படையையே அசைத்துவிட்டது என்று 2021-இல் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதினார். ரெய்ச் வழக்கில் எதிர்த்து நின்ற மூன்று நீதிபதிகளில் அவரும் ஒருவர், தீவிரப் பழமைவாதி. கஞ்சா விஷயத்தில் அமெரிக்க இடது வலது எல்லாம் குழம்பிக் கிடக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

‘அனுமதித்த மாநிலத்தில் எங்கும் வைத்திருக்கலாம், எங்கும் கொண்டுபோகலாம்’

ஓரிகனிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு. இரண்டும் அனுமதித்த மாநிலங்கள், பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள். ஆனாலும் எல்லையைத் தாண்டி ஒரு பொட்டலத்தைக் கொண்டுபோனால் மத்தியக் குற்றம். அதனால் ஒவ்வொரு மாநிலமும் தனித்தீவாக, தன் மண்ணிலேயே விளைவித்துத் தன் மக்களுக்கே விற்க வேண்டியிருக்கிறது. ஓரிகனில் விளைச்சல் மிஞ்சி விலை சரிந்தபோதும் வெளியே அனுப்ப வழியில்லை. கிழக்கே ஐடஹோவில் மருத்துவக் கஞ்சாவுக்குக்கூட இடமில்லை. ஒரு பவுண்டு பிடிபட்டால் குறைந்தது ஓராண்டு சிறை. ஆனால் ஐடஹோ எல்லையை ஒட்டிய ஆன்டாரியோ என்ற சின்ன ஓரிகன் ஊரில் கஞ்சாக் கடைகள் வரிசை கட்டி நிற்கின்றன. யாருக்காக என்று சொல்லத் தேவையில்லை.

மாநிலத்துக்கு உள்ளேயும் ஆயிரம் விதி. கொலராடோவின் ராக்கி மலைத் தேசியப் பூங்கா மத்திய அரசின் நிலம். அங்கே மத்திய சட்டம்தான். கலிஃபோர்னியாவில் பாதிக்கும் மேற்பட்ட நகரங்களும் மாவட்டங்களும் தங்கள் எல்லைக்குள் கடை வைக்கவே விடவில்லை. வீட்டில் செடி வளர்க்கக் கொலராடோவில் அனுமதி உண்டு, நியூ ஜெர்சியில் இல்லை. வாஷிங்டன் டி.சி.யில் வைத்திருக்கலாம், விற்பனையைக் காங்கிரஸ் பட்ஜெட் வழியாகத் தடுத்துவைத்திருக்கிறது. எனவே ஸ்டிக்கரையோ டீ-ஷர்ட்டையோ அநியாய விலைக்கு விற்று, கஞ்சாவை ‘அன்பளிப்பாக’க் கொடுக்கும் கடைகள் அங்கே முளைத்தன.

வேலைக்கும் இது பொருந்தும். கொலராடோவில் கைகால் செயலிழந்த ஒரு ஊழியர், வேலை நேரத்துக்கு வெளியே மாநில அனுமதியோடு மருத்துவக் கஞ்சா பயன்படுத்தியதற்காக வேலை நீக்கம் செய்யப்பட்டார். நிறுவனம் செய்தது சரியே என்று 2015-இல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றமே சொன்னது. மத்திய சட்டத்தில் குற்றமாக இருப்பது சட்டப்படியான செயல் ஆகாது என்பது காரணம். கலிஃபோர்னியா 2024 முதல் ஊழியர்களுக்குச் சற்றுப் பாதுகாப்புத் தந்திருக்கிறது. லாரி ஓட்டுநர், மத்திய அரசு ஊழியர் போன்றவர்களுக்கு எங்குமே கிடையாது.

‘கடைக்காரர்கள் கோடி கோடியாய்க் குவிக்கிறார்கள்’

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கடைக்காரர் 60 டாலருக்குச் சரக்கு வாங்கி 100 டாலருக்கு விற்கிறார். வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் 30 டாலர். லாபம் 10. செருப்புக் கடையாக இருந்தால் அந்த 10 டாலருக்கு 21 சதவீத மத்திய நிறுவன வரி, அதாவது 2 டாலர் 10 சென்ட் கட்டினால் போதும். கஞ்சாக் கடைக்கு 280-இ என்ற வருமான வரிப் பிரிவு குறுக்கே நிற்கிறது. போதைப்பொருள் வியாபாரி சரக்கின் கொள்முதல் விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்கக் கூடாது என்பது அது. ஆக, வரி 40 டாலருக்கு. 8 டாலர் 40 சென்ட். மாநில வரியெல்லாம் வருவதற்கு முன்பே கையில் மிஞ்சுவது 1 டாலர் 60 சென்ட். 1981-இல் ஒரு போதைப்பொருள் வியாபாரி தன் செலவுகளைக் கழித்துத்தர வேண்டும் என்று வரி நீதிமன்றத்தில் வழக்காடி ஜெயித்தார். எரிச்சலடைந்த காங்கிரஸ் அடுத்த ஆண்டே கொண்டுவந்த பிரிவு இது. உரிமம் பெற்ற கடைகள் ஒருநாள் வரும் என்று அன்று யாரும் நினைக்கவில்லை.

பெரும்பாலான வங்கிகள் கணக்குத் தருவதில்லை. தந்தால் தங்கள் மீது கறுப்புப் பணப் பரிமாற்ற வழக்கு வருமோ என்ற பயம். எனவே பல கடைகள் ரொக்கத்தில் ஓடுகின்றன. வரியைக்கூடப் பை நிறைய நோட்டாகக் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறார்கள். நொடித்துப்போனால் திவால் நீதிமன்றக் கதவும் திறக்காது, ஏனென்றால் அது மத்திய நீதிமன்றம். கனடா 2018-இல் நாடு முழுக்க அனுமதித்துவிட்டதால் அந்நாட்டுக் கஞ்சா நிறுவனங்கள் நியூயார்க்கின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் இடம்பெறுகின்றன. அமெரிக்காவிலேயே கஞ்சா விளைவித்து விற்கும் அமெரிக்க நிறுவனங்களோ பங்கு வெளியிடக் கனடாவுக்குப் போகின்றன.

நல்லது கெட்டது பற்றிய நம்பிக்கைகள்

‘பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் புகைக்கத் தொடங்கிவிடுவார்கள்’ என்றார்கள் எதிர்த்தவர்கள். கொலராடோவின் மாணவர் ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. கடந்த 30 நாளில் பயன்படுத்தியதாகச் சொன்ன உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 2013-இல் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். 2023-இல் எட்டில் ஒருவர் அளவுக்கு இறங்கியிருக்கிறது.

‘செடிதானே, தீங்கில்லை’ என்றார்கள் ஆதரித்தவர்கள். 1995-இல் பிடிபட்ட கஞ்சாவில் போதைதரும் டி.எச்.சி. சராசரியாக 4 சதவீதம். 2014 வாக்கில் 12 சதவீதம். கடையில் விற்கும் பிழிசாறு வகைகளில் அது 60 சதவீதத்தைத் தாண்டும். பயன்படுத்துவோரில் பத்தில் மூவருக்கு ஏதோ ஓர் அளவில் அடிமைப்பழக்கம் உண்டு என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். எனக்கு அதைவிட உறுத்துவது ‘கம்மி’ என்ற மிட்டாய் வடிவம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் தவறுதலாகக் கஞ்சாத் தின்பண்டம் சாப்பிட்டதாக நச்சு உதவி மையங்களுக்கு வந்த புகார்கள் 2017-இல் 207, 2021-இல் 3,054. கொலராடோ ஒரு வேளைக்கு 10 மில்லிகிராம், ஒரு பொட்டலத்துக்கு 100 மில்லிகிராம் என்று உச்சவரம்பு வைத்தது. விலங்கு, பழ வடிவ மிட்டாய்களைத் தடைசெய்தது. கரடிப் பொம்மை வடிவில் போதை விற்க முதலில் அனுமதித்தவர்கள் யார் என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

‘வரி கொட்டும், கள்ளச்சந்தை ஒழியும்’ என்பதும் பாதிதான் பலித்தது. கொலராடோவின் கஞ்சா வரி வருவாய் 2021-இல் சுமார் 42 கோடி டாலரைத் தொட்டு, பிறகு இறங்கிவிட்டது. பள்ளிக் கட்டடங்களுக்கு உதவியது உண்மை. மாநில பட்ஜெட்டில் அது சிறு துளி என்பதும் உண்மை. கலிஃபோர்னியாவில் கள்ளச்சந்தை ஜாம் ஜாமென்று நடக்கிறது. வரியும் கெடுபிடியும் இல்லாத சரக்கு மலிவாகக் கிடைக்கும்போது வேறென்ன நடக்கும்?

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கஞ்சா பயன்படுத்துகிறார்கள். கைதாவதில் மட்டும் கறுப்பினத்தவருக்கு மூன்று மடங்குக்கும் மேல் வாய்ப்பு என்று குடிமை உரிமைகள் சங்கமான ஏ.சி.எல்.யூ. 2013-இல் கணக்குக் காட்டியது. அனுமதித்த மாநிலங்களில் அந்தக் கைதுகள் வெகுவாகக் குறைந்தன. என் கணக்கில் இந்தச் சட்டங்களின் மெய்யான பலன் அதுதான், வரி அல்ல.

‘பைடன் மன்னித்துவிட்டார், டிரம்ப் தடையை எடுத்துவிட்டார்’

2022 அக்டோபரில் பைடன் மன்னித்தது, மத்திய சட்டத்தின் கீழ் வெறுமனே கஞ்சா வைத்திருந்ததற்காகத் தண்டிக்கப்பட்ட சில ஆயிரம் பேரை. 2024 மே மாதம் அவருடைய அரசு கஞ்சாவை முதல் பட்டியலிலிருந்து மூன்றாம் பட்டியலுக்கு மாற்ற முன்மொழிந்தது. 2025 டிசம்பரில் டிரம்ப் அந்த மாற்றத்தை விரைவுபடுத்த உத்தரவிட்டார். மூன்றாம் பட்டியல் என்பது மருத்துவர் சீட்டோடு முறைப்படி அங்கீகரித்த மருந்தாக விற்கும் பொருட்களுக்கானது. அங்கே போனால் 280-இ வரிச்சுமை நீங்கும், ஆராய்ச்சி எளிதாகும். பொழுதுபோக்குக் கடை மட்டும் அப்போதும் மத்திய சட்டப்படி குற்றமாகவே இருக்கும்.

‘கடையில் பில் போட்டு வாங்கினால் விசாவுக்கு என்ன ஆபத்து?’

குடியேற்றச் சட்டம் முழுக்க மத்திய சட்டம். டென்வரில் பில் போட்டு வாங்கினாலும், சியாட்டிலில் நண்பர் வீட்டில் ஒரு கம்மி வாயில் போட்டாலும், குடியேற்ற அதிகாரியின் பார்வையில் அது போதைப்பொருள் குற்றம். தண்டனை பெற்றிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. நேர்காணலிலோ விமான நிலையத்திலோ ‘ஆமாம், பயன்படுத்தினேன்’ என்று முறைப்படி ஒப்புக்கொண்டாலே நாட்டுக்குள் நுழையத் தகுதி இழக்கலாம். 30 கிராமுக்கு மிகாமல் ஒரேயொரு முறை சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்தவரை நாடுகடத்துவதில் சட்டம் ஒரு விலக்குத் தருகிறது. ஆனால் ஊருக்குப் போய்த் திரும்ப நுழையும்போது அந்த விலக்கு அப்படியே துணைக்கு வராது.

2019 ஏப்ரலில் குடியுரிமைத் துறை இதைத் தெளிவாக்கியது: மாநிலத்தில் குற்றமில்லை என்றாலும் கஞ்சா தொடர்பான செயல் குடியுரிமைக்குத் தேவையான ‘நன்னடத்தை’க்குத் தடை. கஞ்சா நிறுவனத்தில் வேலை பார்ப்பதும் அதில் அடக்கம். அதே மாதம் டென்வர் மேயர் மைக்கேல் ஹான்காக், அட்டர்னி ஜெனரல் வில்லியம் பாருக்குக் கடிதம் எழுதினார். லிதுவேனியாவிலிருந்தும் எல் சால்வடாரிலிருந்தும் சிறுவயதிலேயே வந்து, பல ஆண்டுகள் முறைப்படி வாழ்ந்த இருவர், மாநில உரிமம் பெற்ற கஞ்சாத் தொழிலில் வேலை பார்த்ததால் குடியுரிமைச் சிக்கலில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். கணக்கெழுதும் வேலை, மென்பொருள் வேலை என்று நல்ல சம்பளத்துக்கு அழைப்பு வந்தாலும், கிரீன் கார்டு வரிசையில் இருப்பவர் அந்த நிறுவனம் எதை விற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

எச்-1பி விசாவிலோ மாணவர் விசாவிலோ அங்கே இருக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களின் பெற்றோருக்கும் சொல்கிறேன். தொடாதீர்கள். அந்தத் தொழிலில் வேலைக்குச் சேராதீர்கள். கடை வாசலில் நின்று படம் எடுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே ஏதாவது நடந்திருந்தால், எந்தப் படிவத்தையும் நிரப்புமுன் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். பொய் சொல்வது தனிக் குற்றம், யோசிக்காமல் ஒப்புக்கொள்வது தனிச் சிக்கல். மிஞ்சிய மிட்டாயைப் பெட்டியில் போட்டுக்கொண்டு மீனம்பாக்கத்தில் வந்து இறங்காதீர்கள். நம் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் முதல் பிரிவே, அச்சட்டம் இந்தியாவுக்கு வெளியே இருக்கும் இந்தியக் குடிமக்களுக்கும் பொருந்தும் என்கிறது. டென்வர்க் கடையில் நிற்கும் தமிழ்ப் பொறியாளர் மீது மூன்று சட்டங்கள் இருக்கின்றன. அவருக்கு அனுமதி தருவது அவற்றில் ஒன்றுதான்.